கேஐ-67 எதிர்ப்பொருளை முதன்முறையாக வாங்கித் திசுவில் பயன்படுத்துவோருக்கு

செல் பிரிதலைக் காட்டும் கேஐ-67 என்ற புரதத்தைத் திசுவில் கண்டறியும் வேலை உங்களிடம் முதன்முறையாக ஒப்படைக்கப்பட்டிருந்தால், ஒரு குப்பி ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்பொருளை, வாங்கி, ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கும் செய்முறைத் தாளைப் பார்த்து இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்றுதான் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நம்பி எண்ணத் தகுந்த முதல் ஸ்லைடு என் கைக்கு வரப் பதினொரு வாரம் ஆனது. அவற்றில் நிறமேற்றத்துக்குச் செலவான நாட்கள் சொற்பம். தவறான குளோனை (ஒரே மூலச் செல்லின் வழிவந்த எதிர்ப்பொருள் வகையை) வாங்கியது, பிளாக்குகளில் மெழுகில் பொதிந்திருக்கும் திசு எத்தனை மணி நேரம் ஃபார்மலினில் கிடந்தது என்பதைக் கேட்காமல் விட்டது, விடை முன்பே தெரிந்த கட்டுப்பாட்டுத் திசு இல்லாமல் தொடங்கியது ஆகிய மூன்றுமே மீதி நாட்களைத் தின்றன. எனவே இந்தக் கட்டுரையில் குப்பி வருவதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மெழுகில் பொதிந்த திசுவில் பழுப்பு நிறம் தரும் பெராக்சிடேஸ் நொதி முறையைப் பயன்படுத்துவோரை மனத்தில் வைத்து எழுதியது இது.

1. உங்கள் கேள்விக்கு இந்தப் புரதம்தான் பொருத்தமா என்று பாருங்கள்

கேஐ-67 என்பது செல் சுழற்சியின் ஜி1, எஸ், ஜி2, எம் ஆகிய எல்லாக் கட்டங்களிலும் உட்கருவில் இருக்கும் புரதம்; சுழற்சியை விட்டு விலகி ஓய்வில் இருக்கும் ஜி0 செல்களில் அது காணப்படுவதில்லை. ஆகவே "எத்தனை செல்கள் பெருகும் நிலையில் இருக்கின்றன?" என்ற கேள்விக்கு அது நல்ல விடை தரும். "இந்தக் கணத்தில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன?" என்பது உங்கள் கேள்வியானால், ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் பத்தாவது செரினில் பாஸ்பேட் ஏறிய வடிவத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருளே தகுந்தது, அது ஜி2-வின் பிற்பகுதி முதல் மைட்டாசிஸ், அதாவது செல் பிரிதல், முடியும் வரை உள்ள செல்களை மட்டும் காட்டும். பிசிஎன்ஏ என்ற புரதத்தையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அது டிஎன்ஏ பழுதுபார்ப்பிலும் பங்கேற்பதாலும் செல்லில் நெடுநேரம் தங்குவதாலும், பெருக்கத்தை உள்ளதைவிட அதிகமாகக் காட்டிவிடக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

2. திசு பதப்படுத்தப்பட்ட விவரத்தை எழுத்தில் வாங்குங்கள்

எதிர்ப்பொருளைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பிளாக்குகளைத் தருபவரிடம் நான்கு விவரங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: திசு உடலிலிருந்து எடுக்கப்பட்டதற்கும் ஃபார்மலினில் இடப்பட்டதற்கும் இடைப்பட்ட நேரம், ஃபார்மலினில் இருந்த மொத்த நேரம், துண்டின் தடிமன், எலும்பு அல்லது சுண்ணாம்பு படிந்த திசுவானால் எதைக் கொண்டு சுண்ணாம்பு நீக்கப்பட்டது என்பது.

பத்து சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலின், திசுவின் கன அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு, ஒரு மணி நேரத்துக்குள் இடப்பட்ட திசு, 6 முதல் 72 மணி நேரம் பதப்படுதல் ஆகியவை இருந்தால் நிம்மதியாகத் தொடரலாம். ஃபார்மலின் திசுவுக்குள் ஏறக்குறைய மணிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் நுழைகிறது. ஆகவே தடித்த துண்டை அப்படியே போட்டுவிட்டால் ஓரம் பதப்பட்டும் நடுப்பகுதி அழுகத் தொடங்கியும் இருக்கும். நிறமேற்றிய பிறகு ஓரத்தில் மட்டும் பழுப்பு உட்கருக்கள் தெரியும், நடுவில் வெறுமையாக இருக்கும். அதை உயிரியல் உண்மை என்று நம்பி நான் ஒரு வாரம் விளக்கம் தேடியிருக்கிறேன். நைட்ரிக் அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்ற வலுவான அமிலங்களால் சுண்ணாம்பு நீக்கப்பட்ட திசுவில் கேஐ-67 பெரிதும் மங்கிவிடலாம். ஈடிடிஏ கொண்டு நீக்குவது நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் இழுக்கும் வேலையானாலும் ஆன்டிஜெனை, அதாவது எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் புரதத்தை, காப்பாற்றித் தரும்.

சீவல்களை முன்கூட்டியே மொத்தமாக வெட்டி வைக்காதீர்கள். வெட்டிய சீவல் காற்றுபட்டு மாதக்கணக்கில் கிடந்தால் நிறம் படிப்படியாகக் குறையும். பிளாக்காக இருக்கும்வரை ஆன்டிஜென் பத்திரமாக இருக்கும்.

3. குளோனைத் தேர்ந்தெடுங்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. எதிர்ப்பொருளை விற்பவரின் பெயரைவிட அதன் குளோன் பெயர் முக்கியம். மனிதத் திசுவுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது எம்ஐபி-1 என்ற குளோன். அது சுண்டெலியில் உருவாக்கப்பட்ட ஒற்றைக்குளோன் எதிர்ப்பொருள். எஸ்பி6 என்பது முயலில் உருவாக்கப்பட்டது. மனிதர், சுண்டெலி, எலி ஆகிய மூன்றின் திசுக்களிலும் வேலை செய்யும். கேஐ-67 என்ற அதே பெயரைக் கொண்ட மூலக் குளோன் உறைந்த திசுவில்தான் வேலை செய்யும், மெழுகுத் திசுவில் செய்யாது. புரதத்தின் பெயரும் குளோனின் பெயரும் ஒன்றாக இருப்பதால் ஆர்டர் படிவத்தில் குழப்பம் நேரும். குளோன் பெயரைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

நான் செய்த தவறு இது. என் திசு சுண்டெலியுடையது. நான் வாங்கியது சுண்டெலியில் உருவான எதிர்ப்பொருள். அதைப் பிடிக்க ஊற்றும் இரண்டாம் எதிர்ப்பொருள் சுண்டெலியின் இம்யூனோகுளோபுலின் எதுவானாலும் பற்றிக்கொள்ளும். திசுவிலேயே இயல்பாக இருக்கும் இம்யூனோகுளோபுலினையும் சேர்த்துப் பற்றியதால், ஸ்லைடு முழுக்கப் பழுப்பாகி நின்றது. எம்ஐபி-1 சுண்டெலியின் கேஐ-67-ஐ நம்பத்தக்க வகையில் அடையாளம் காண்பதுமில்லை என்பது அதன்பின் தெரிந்தது. ஆக, அந்தக் குப்பி இரண்டு வகையிலும் எனக்குப் பயன்படாதது. சுண்டெலித் திசுவானால் முயல் எதிர்ப்பொருளை வாங்குங்கள்.

தரவுத்தாளைப் படிக்கும்போது, "மெழுகில் பொதிந்த திசு" என்ற பயன்பாடு வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புரதங்களைப் பிரித்துச் சவ்வில் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் முறையில் நன்றாக வேலை செய்யும் எதிர்ப்பொருள், ஃபார்மலின் பட்ட புரதத்தை அடையாளம் காணாமல் போவது சாதாரணம். அதில் அச்சிட்டிருக்கும் படத்தில் எந்தத் திசு, எந்த மீட்புக் கரைசல் (ஃபார்மலின் மறைத்த ஆன்டிஜெனைச் சூட்டில் வெளிக்கொணரும் கரைசல்), எந்த நீர்த்தல் என்பவை இல்லையென்றால் அந்தப் படத்துக்கு மதிப்பில்லை.

4. ஆவணங்களைத் திரட்டி ஆர்டர் கொடுங்கள்

ஆர்டருக்கு முன் உங்கள் கோப்பில் இருக்க வேண்டியவை: திசுவைப் பயன்படுத்துவதற்கான நெறிமுறைக் குழு ஒப்புதல், விலங்குத் திசுவானால் அதற்குரிய ஒப்புதல், எதிர்ப்பொருளின் தரவுத்தாள், பாதுகாப்புத் தரவுத்தாள், கேட்டலாக் எண். குப்பியோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டியவை: அந்த லாட்டுக்குரிய (தயாரிப்புத் தொகுதிக்குரிய) பகுப்பாய்வுச் சான்றிதழும் செறிவு விவரமும். செறிவு தெரியாவிட்டால் நீர்த்தல் எண்ணுக்குப் பொருளே கிடையாது. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள குப்பியை 1:200 நீர்த்தால் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் கிடைக்கும், 0.2 மில்லிகிராம் உள்ளதை அதே அளவு நீர்த்தால் 1 மைக்ரோகிராம்தான். ஆய்வுக் கட்டுரை ஒன்றிலிருந்து "1:200" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர்கள் இந்த ஐந்து மடங்கு வேறுபாட்டில்தான் விழுகிறார்கள்.

ஆர்ஆர்ஐடி என்ற ஆய்வுப் பொருள் அடையாள எண்ணையும் இப்போதே குறித்து வையுங்கள். பல ஆய்விதழ்கள் பின்னால் அதைக் கேட்கும். குப்பியில் "ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று இருந்தால், அதைக் கொண்டு நோயாளிக்கு அறிக்கை எழுதக் கூடாது. நோயறிதலுக்கு அதற்கென அங்கீகாரம் பெற்ற தயாரிப்பு வேண்டும்.

கால அளவைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து தருவிக்கப்படும் குப்பியானால் வாரங்கள் ஆகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் வந்து சேரும்படி ஆர்டர் கொடுக்காதீர்கள். பனிப்பொதியோடு வரும் பெட்டி அலுவலக வாசலில் நான்கு நாள் கிடப்பதற்கு அதுவே வழி.

5. செலவை ஸ்லைடு கணக்கில் போடுங்கள்

குப்பியின் விலையைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், மலிவு என்று மகிழவும் வேண்டாம். ஒரு ஸ்லைடுக்கு எவ்வளவு ஆகிறது என்பதுதான் கணக்கு. ஒரு சீவலை மூட ஏறத்தாழ 150 மைக்ரோலிட்டர் நீர்த்த கரைசல் தேவை. 100 மைக்ரோலிட்டர் உள்ள குப்பி 1:50 நீர்த்தலில் 5 மில்லிலிட்டர் தரும். அது 33 ஸ்லைடுகளுக்கே வரும். அதே குப்பி 1:200 நீர்த்தலில் 20 மில்லிலிட்டர் தரும். 133 ஸ்லைடுகளுக்கு வரும். விலை இரட்டிப்பானாலும் நான்கு மடங்கு நீர்க்கக்கூடிய எதிர்ப்பொருள்தான் சிக்கனமானது. மெழுகுப் பேனாவால் சீவலைச் சுற்றி வட்டமிட்டால் கரைசல் வழியாது. சிறிய சீவலுக்கு 100 மைக்ரோலிட்டரே போதும்.

எல்லாரும் மறக்கும் செலவு இரண்டாம் எதிர்ப்பொருள் கிட், பழுப்பு நிறம் தரும் டிஏபி நிறப்பொருள், நேர்மின் பூசிய ஸ்லைடு ஆகியவற்றுக்கானது. எதிர்ப்பொருளுக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டுக் கிட்டுக்காகக் காத்திருக்க நேர்ந்தால், குப்பி குளிர்பெட்டியில் வயதாகிக்கொண்டிருக்கும்.

6. குப்பி வந்த நாளிலேயே செய்ய வேண்டியவை

பெட்டியைத் திறந்ததும் பனிப்பொதி குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்து, வந்த தேதியையும் லாட் எண்ணையும் குப்பியின் மீதே எழுதுங்கள். குப்பியைச் சில வினாடிகள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள்; மூடியில் ஒட்டிய சில மைக்ரோலிட்டர் கீழே இறங்கும், அது பல ஸ்லைடுகளுக்குச் சமம்.

எங்கே வைப்பது என்பதைத் தரவுத்தாள் சொல்லும்; அதை மீற வேண்டாம். சோடியம் அசைடு சேர்த்து 4 டிகிரியில் வைக்கச் சொன்னதை உறைய வைக்காதீர்கள். கிளிசரால் கலந்தது மைனஸ் 20-இலும் உறையாது, அதைப் பிரித்து வைக்கத் தேவையில்லை. கிளிசரால் இல்லாமல் மைனஸ் 20 என்று குறித்திருந்தால் 10 மைக்ரோலிட்டருக்குக் குறையாத சிறு பங்குகளாகப் பிரியுங்கள். அதைவிடச் சிறிதாகப் பிரித்தால் குழாய்ச் சுவரில் ஒட்டியே கணிசமான பங்கு போய்விடும். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்; அது அவ்வப்போது சூடேறி இறங்குவது எதிர்ப்பொருளை உறைத்து உருக்குவதற்குச் சமமானது.

7. கட்டுப்பாட்டுத் திசு இல்லாமல் ஒரு ஸ்லைடும் போடாதீர்கள்

மனிதத் திசுவுக்கு டான்சிலைவிடச் சிறந்த கட்டுப்பாடு எனக்குத் தெரியவில்லை, ஏனெனில் ஒரே சீவலில் ஆம், இல்லை இரண்டுக்கும் விடை இருக்கிறது. நிறமேற்றம் சரியாக அமைந்த டான்சிலைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால், செல்கள் வேகமாகப் பெருகும் ஜெர்மினல் சென்டர்கள் அடர் பழுப்பு வட்டங்களாகத் தெரியும். அவற்றிலும் ஒரு பக்கம் இன்னும் அடர்ந்து, மறுபக்கம் சற்று வெளிறியிருக்கும். அந்த வட்டத்தைச் சூழ்ந்த மேன்டில் பகுதியில் நீல உட்கருக்கள் நெருக்கமாக நிற்க, இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே பழுப்பு தென்படும். மேற்பரப்புச் செதிள் எபிதீலியத்தில் அடிவரிசைக்கு உடனடி மேலே உள்ள அடுக்கில் பழுப்பு உட்கருக்கள் வரிசையாக இருக்கும், அதற்கு மேலே ஒன்றும் இராது. மேன்டில் பகுதியும் பழுப்பாகிவிட்டால் செறிவு அதிகம். செதிள் எபிதீலியத்தின் வரிசை விட்டுவிட்டுத் தெரிந்தால் செறிவோ மீட்போ போதாது. சுண்டெலித் திசுவானால் சிறுகுடல் நல்லது: குடல் சுவரின் குழிகளான கிரிப்டுகளில் பழுப்பு இருக்க வேண்டும், விரல்போல் நீண்ட வில்லஸ்களின் நுனியில் இருக்கக் கூடாது.

இவற்றோடு, முதல் எதிர்ப்பொருள் ஊற்றாத ஒரு ஸ்லைடும், அதே இனத்தின் தொடர்பில்லாத எதிர்ப்பொருளை அதே செறிவில் ஊற்றிய ஒரு ஸ்லைடும் ஒவ்வொரு தடவையும் வேண்டும். கட்டுப்பாட்டுத் திசு உங்கள் ஆய்வுத் திசுவைப் போலவே பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

8. நீர்த்தலை நீங்களே கண்டுபிடியுங்கள்

தரவுத்தாள் சொல்லும் நீர்த்தல் ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே. இரண்டு மீட்புக் கரைசல்களிலும், அதாவது பிஎச் 6.0 சிட்ரேட்டிலும் பிஎச் 9.0 டிரிஸ்-ஈடிடிஏவிலும், ஐந்து நீர்த்தல்களைச் சோதியுங்கள். எதிர்ப்பொருள் 12 மைக்ரோலிட்டரை 588 மைக்ரோலிட்டர் நீர்த்தும் கரைசலில் கலந்தால் 1:50 என்ற அளவில் 600 மைக்ரோலிட்டர் கிடைக்கும். அதில் 300-ஐ எடுத்து இன்னொரு 300 நீர்த்தும் கரைசலில் சேர்த்தால் 1:100. இப்படியே 1:800 வரை போனால், ஒவ்வொரு குழாயிலும் குறைந்தது 300 மைக்ரோலிட்டர், அதாவது இரண்டு மீட்புக் கரைசல்களுக்குமான இரண்டு ஸ்லைடுகளுக்குப் போதுமான அளவு, மிஞ்சும். பத்து ஸ்லைடுகள், முதல் எதிர்ப்பொருள் இல்லாத இரண்டு, ஆகப் பன்னிரண்டு. செலவானது 12 மைக்ரோலிட்டர் மட்டுமே. இந்த ஒரு சோதனையைத் தவிர்த்துவிட்டு ஆய்வு ஸ்லைடுகளில் நேரடியாக இறங்கினால், பின்னால் இழக்கப்போவது அதைவிட மிக அதிகம்.

பின்னணி தெளிவாக இருந்து, நேர்மறை உட்கருக்கள் திட்டவட்டமாகத் தெரியும் நீர்த்தலைத் தேர்ந்தெடுங்கள். அதிக அடர்த்தியாகத் தெரிவதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும்; வேண்டாம்.

9. நிறமேற்றும் இரண்டு நாட்கள்

முதல் நாள் மதியத்துக்குப் பின் தொடங்கினால் மாலைக்குள் முடியும். 3 முதல் 4 மைக்ரான் சீவல்களை 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, சைலீனில் மெழுகைக் கரைத்து, ஆல்கஹால் வரிசை வழியாகத் தண்ணீருக்குக் கொண்டு வாருங்கள். மீட்புக் கரைசலில் 95 முதல் 98 டிகிரி வரை 20 நிமிடம் வைத்து, அதே கரைசலிலேயே 20 முதல் 30 நிமிடம் ஆறவிடுங்கள். சூடான ஸ்லைடைக் குளிர்ந்த நீரில் போட்டால் சீவல் உரிந்து வரும். பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம், இரண்டாம் எதிர்ப்பொருள் எந்த விலங்கில் உருவானதோ அதன் சீரத்தில் 30 நிமிடம். சீரத்தைக் கழுவாமல் வடித்துவிட்டு முதல் எதிர்ப்பொருளை ஊற்றி, ஈரப்பெட்டியில் 4 டிகிரியில் இரவு முழுதும் வையுங்கள். மெழுகு கரைந்த கணத்திலிருந்து சீவல் ஒரு நிமிடம்கூட உலரக் கூடாது. ஈரப்பெட்டி சமதளத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

இரண்டாம் நாளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் போதும். டிரிஸ் பஃபரில் ஐந்து நிமிடமாக மூன்று கழுவல், இரண்டாம் எதிர்ப்பொருளும் பெராக்சிடேஸும் இணைந்த பாலிமர் 30 நிமிடம், மீண்டும் மூன்று கழுவல், பிறகு டிஏபி. கழுவும் பஃபரில் சோடியம் அசைடு இருக்கக் கூடாது. அது பெராக்சிடேஸை முடக்கிவிடும். டிஏபி ஊற்றியதும் டான்சில் ஸ்லைடை நுண்ணோக்கியில் பார்த்து, நிறம் வர எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து, மற்ற எல்லா ஸ்லைடுகளுக்கும் அதே நேரத்தைக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து நிறுத்தினால் ஒப்பிட முடியாது. டிஏபி புற்றுநோய் உண்டாக்கும் என்று சந்தேகிக்கப்படும் பொருள். கையுறை அணியுங்கள், கழிவைத் தனிப்புட்டியில் சேருங்கள். உட்கருக்களை நீலமாக்கும் ஹெமடாக்சிலின் அரை நிமிடம் போதும். நீலம் தூக்கலானால் வெளிறிய பழுப்பு உட்கருக்கள் அதற்குள் மறைந்துவிடும்.

10. எண்ணும் விதியை ஸ்லைடு பார்க்கும் முன்பே எழுதுங்கள்

கேஐ-67 ஜி1-இல் குறைவாகவும் மைட்டாசிஸில் அதிகமாகவும் இருப்பதால் வெளிறிய உட்கரு, அடர்ந்த உட்கரு இரண்டும் உண்மையானவை. உட்கருவில் பழுப்பு தெரிந்தால், அடர்த்தி எதுவானாலும் நேர்மறை என்று எண்ண வேண்டும். சைட்டோபிளாசத்தில் மட்டும் நிறம் இருந்தால் எண்ண வேண்டாம். கட்டிக்குள் புகுந்த லிம்போசைட் வெள்ளணுக்களும் பெருகும் என்பதால் அவற்றைச் சேர்த்து எண்ணிவிடாதபடி ஒவ்வொரு புலத்திலும் கவனம் வேண்டும்.

குறைந்தது 500 செல்கள், முடிந்தால் 1000 எண்ணுங்கள். பழுப்பு அதிகம் குவிந்த இடத்தை எண்ணுவதா, பல இடங்களின் சராசரியா என்பதை முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். இது சிறிய விஷயமல்ல: இரைப்பை, குடல், கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் 3 சதவீதத்துக்குக் கீழே ஒரு தரம், 3 முதல் 20 வரை அடுத்த தரம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு பிரிக்கிறது. 100 செல்களை மட்டும் எண்ணி, அதில் இரண்டோ நான்கோ என்று தடுமாறினால் தரமே மாறிவிடும். இன்னொருவரையும், குழு அடையாளம் தெரியாதபடி, அதே ஸ்லைடுகளை எண்ணச் சொல்லுங்கள்.

11. அடுத்த லாட்டைப் பழைய லாட்டோடு சேர்த்துச் சோதியுங்கள்

ஆய்வு பாதியில் இருக்கும்போது குப்பி தீர்ந்து, வேறு லாட் எண் கொண்ட புதிய குப்பி வந்தால், ஆய்வு ஸ்லைடுகளை நிறுத்திவைத்து, பெருக்கம் குறைந்த, நடுத்தரமான, அதிகமான மூன்று பிளாக்குகளையும் டான்சிலையும் இரண்டு லாட்டுகளாலும் ஒரே நாளில் நிறமேற்றி எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். வேறுபாடு தெரிந்தால் எட்டாம் படியை மீண்டும் செய்ய வேண்டும். இந்த ஒப்பீட்டுக்குப் பழைய எதிர்ப்பொருள் தேவைப்படுவதால், குப்பியில் இருபது மைக்ரோலிட்டர் மிச்சமிருக்கும்போதே புதியதற்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.